பிராட்பேண்ட் தடுமாறும்போது லைன் புள்ளிவிவரங்களைப் படித்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டு இணையம் மந்தமானால் பெரும்பாலோர் முதலில் செய்வது, வேகச் சோதனை நடத்தி, வரும் எண்ணைப் படம் பிடித்து வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புவதுதான். வைஃபை, ரவுட்டர், தெருவிலிருந்து வரும் கம்பி, நிறுவனத்தின் உள்வலையமைப்பு, சோதனை நடத்தும் சர்வர் ஆகிய அனைத்தையும் கடந்து வந்த மொத்த விளைவே அந்த எண். கோளாறு இருப்பதை அது சொல்லும். எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. இடத்தைச் சொல்லக்கூடியவை மோடம் தனக்குள் கணக்கு வைத்துக்கொள்ளும் லைன் புள்ளிவிவரங்கள். அவற்றைப் படிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆறேழு எண்களின் பொருள் தெரிந்தால் போதும். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி இணைப்புக்கும், இப்போது பரவலாகிவிட்ட ஃபைபர் இணைப்புக்கும் இந்த எண்கள் வேறு வேறு என்பதால், இரண்டையும் தனித்தனியே பார்க்கிறோம்.

முதல் படி: ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

மோடத்தை அணைத்துப் போடும் கை சற்றுப் பொறுக்க வேண்டும். மின்சாரம் நின்றதும் பெரும்பாலான மோடங்களில் பிழைக் கணக்குகள் எல்லாம் சுழியமாகிவிடும். கோளாறின் தடயமும் அத்துடன் அழிந்துவிடும். வாடிக்கையாளர் சேவையில் முதல் அறிவுரையே ரீஸ்டார்ட்தான் என்பதால், அழைப்பதற்கு முன்பே எண்களை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

அடுத்து வைஃபையை விலக்குங்கள். மடிக்கணினியை மோடத்தின் லேன் துளையில் கேபிள் மூலம் இணைத்து, மற்றக் கருவிகளின் வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்தால் லைனில் குற்றமில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டியது ரவுட்டர் வைத்திருக்கும் இடத்தையும் வைஃபை சேனலையும்தான். கான்கிரீட் சுவர்கள் இரண்டைத் தாண்டிப் படுக்கையறையில் வேகம் குறைகிறது என்பதற்காக லைன்மேனை வரவழைப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறப்பது

உலாவியின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 என்று தட்டுங்கள். சில கருவிகளில் இது 192.168.0.1 ஆகவும், சில ஃபைபர் கருவிகளில் 192.168.100.1 ஆகவும் இருக்கும். சரியான முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கருவியின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சாகியிருக்கும். உள்ளே நுழைந்ததும் ஸ்டேட்டஸ் அல்லது டிவைஸ் இன்ஃபோ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். செம்புக் கம்பி மோடமானால் டிஎஸ்எல், எக்ஸ்டிஎஸ்எல், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போன்ற பெயரிலும், ஃபைபர் கருவியானால் பான் அல்லது ஆப்டிக்கல் இன்ஃபர்மேஷன் என்ற பெயரிலும் நமக்கு வேண்டிய பக்கம் இருக்கும். அமைப்புகள் எதையும் மாற்றாமல், பக்கத்தை முழுமையாகப் படம் பிடித்து, தேதியும் நேரமும் தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணால் பெரிய பயன் இல்லை. இணையம் நன்றாக ஓடும் நாளில் ஒரு பதிவும், தடுமாறும் வேளையில் ஒரு பதிவும் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் இப்போது உங்கள் இணைப்பு ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வைப்பது நல்லது.

மூன்றாம் படி: மூன்று கடிகாரங்கள்

மற்ற எண்களுக்குப் போவதற்கு முன், இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறது என்றால் மட்டும், மோடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மூன்று நேரக் கணக்குகளைப் பாருங்கள். கருவி எப்போதிலிருந்து விழித்திருக்கிறது என்பதைச் சொல்வது சிஸ்டம் அப்டைம். லைன் எப்போதிலிருந்து அறுபடாமல் இருக்கிறது என்பதைச் சொல்வது லைன் அப்டைம். நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கு எப்போது உள்நுழைந்தது என்பதைச் சொல்வது பிபிபி (PPP) அல்லது வான் (WAN) அப்டைம். எல்லா மோடங்களும் மூன்றையும் காட்டுவதில்லை. இரண்டு இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இணையம் அறுந்து திரும்பிய உடனே பார்க்கும்போது மூன்றுமே சில நிமிடங்களைக் காட்டினால், மோடமே அணைந்து எழுந்திருக்கிறது. அப்போது சந்தேகிக்க வேண்டியது லைனை அல்ல. மின்சாரத்தை, அதிலும் குறிப்பாக 12 வோல்ட் அடாப்டரை. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் கிடந்து தளர்ந்துபோன அடாப்டர், சுமை கூடும்போது மின்னழுத்தத்தைத் தாங்காமல் விழும். சிஸ்டம் நேரம் நாட்கணக்கில் ஓட, லைன் நேரம் சுழியத்திலிருந்து தொடங்கியிருந்தால் கோளாறு கம்பியில். முதல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, பிபிபி நேரம் மட்டும் புதிதாகத் தொடங்கியிருந்தால் கம்பி நலமாக இருக்கிறது. சிக்கல் நிறுவனத்தின் உள்நுழைவு சர்வரிலோ உங்கள் கணக்கிலோ இருக்கிறது. என் கருத்தில், இந்தப் பக்கத்தில் உள்ளவற்றிலேயே மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகம் சொல்லும் தகவல் இதுதான். ஆனாலும் இதைப் பார்ப்பவர்கள் குறைவு.

நான்காம் படி: செம்புக் கம்பி இணைப்பின் எண்கள்

தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் இணைப்பு, 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 512 சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரைச்சல் அனுமதிக்கும் அளவுக்குத் தரவை ஏற்றி அனுப்புகிறது. கீழே சொல்லும் எண்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டின் நலத்தைத்தான் காட்டுகின்றன.

அட்டெனுவேஷன் என்பது தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் சமிக்ஞை எவ்வளவு தேய்கிறது என்பதைக் காட்டும் டெசிபெல் கணக்கு. 0.5 மில்லிமீட்டர் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13.8 டெசிபெல் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 41 என்று காட்டினால் கம்பியின் நீளம் 3 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அங்கே ஏடிஎஸ்எல் 2 பிளஸில் 7, 8 மெகாபிட்டுக்கு மேல் எதிர்பார்ப்பது வீண். 60ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மெகாபிட்டே பெரிது. பழைய மோடங்களில் இந்த எண் 63.5இல் நின்றுவிட்டால் அதுவே உண்மை அளவு என்று கொள்ள வேண்டாம். அதற்கு மேல் காட்ட அதில் இடமில்லை. இது நீளத்தைச் சார்ந்த எண் என்பதால் நாளுக்கு நாள் மாறக் கூடாது. நேற்று 32 இருந்தது இன்று 40 என்றால் கம்பி நீளவில்லை, வழியில் ஏதோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது.

அடுத்து எஸ்என்ஆர் மார்ஜின். இரைச்சலுக்கு மேலே சமிக்ஞைக்கு எவ்வளவு கையிருப்பு மீதமிருக்கிறது என்பதே இது. மேளம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் அடுத்தவர் பேச்சு காதில் விழுவதற்குக் குரலை எவ்வளவு உயர்த்திப் பேச வேண்டுமோ, அதற்கும் மேல் அவரிடம் எவ்வளவு குரல் பாக்கி இருக்கிறது என்பது போல. பொதுவாக மோடம் லைனைப் பிடிக்கும்போது 6 டெசிபெல் கையிருப்பை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வேகமாக மாற்றிக்கொள்ளும். ஆகவே லைன் பிடித்த உடனே 6 என்று காட்டுவதில் செய்தி ஒன்றும் இல்லை. பிறகு அந்த எண் எங்கே நகர்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. 3 டெசிபெல் குறைந்தால் இரைச்சலின் ஆற்றல் இரண்டு மடங்காகியிருக்கிறது என்று பொருள். ஒன்று, இரண்டு என்று இறங்கினால் பிழைகள் குவிந்து லைன் அறுபடும். மோடம் மறுபடி பிடிக்கும்போது, அப்போதைய இரைச்சலுக்கு ஏற்பக் குறைந்த வேகத்தில் பிடிக்கும். இரவில் ஒருமுறை அறுந்த இணைப்பு மறுநாள் காலை முழுவதும் மந்தமாகவே இருப்பதற்கு இதுவே காரணம். அந்த நிலையில் மட்டும், காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வது நியாயமான வைத்தியம்.

மார்ஜின் பகலை விட இரவில் குறைவது இயல்பு. ஏடிஎஸ்எல் பயன்படுத்தும் அதே அலைவெளியில்தான் மத்திய அலை வானொலியும் ஒலிபரப்பாகிறது; பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலம் தொலைதூர நிலையங்களின் அலைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்குவதால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு மேலே தொங்கிவரும் டிராப் வயர் ஓர் ஆண்டெனாவைப் போல அவற்றை வாங்கிக்கொள்கிறது. மூன்று நான்கு டெசிபெல் இறக்கம் வரை கவலை வேண்டாம். உங்கள் மோடம் துண்டுவாரியான வரைபடத்தைக் காட்டினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை வானொலியை 4.3125ஆல் வகுத்தால் 167 வருகிறது, 936 கிலோஹெர்ட்ஸ் திருச்சி வானொலிக்கு 217 வருகிறது. அந்தத் துண்டுகளை ஒட்டி வரைபடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அது வானொலியின் வேலை. பள்ளம் குறுகலாக இல்லாமல் வரைபடத்தின் ஒரு பெரும் பகுதியே சரிந்திருந்தால் காரணம் வேறு.

பிழைக் கணக்குகளில் எஃப்இசி என்பது வந்து திருத்தப்பட்ட பிழை. அது லட்சக்கணக்கில் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சிஆர்சி என்பது திருத்த முடியாமல் போன பிழை. பிழை நேர்ந்த விநாடிகளின் எண்ணிக்கை இஎஸ். ஒரே விநாடியில் 18 அல்லது அதற்கு மேற்பட்ட சிஆர்சி பிழைகள் விழுந்த மோசமான விநாடிகள் எஸ்இஎஸ். மொத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். லைன் அப்டைமால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று பாருங்கள். இருபது நாட்களில் சேர்ந்த ஐயாயிரம் சிஆர்சி ஒன்றுமில்லை. அதே ஐயாயிரம் அரை மணியில் சேர்ந்திருந்தால் காணொளி அழைப்பு உடைந்து உடைந்துதான் வரும்.

அட்டைனபிள் ரேட் என்று இன்னோர் எண் இருக்கும். லைன் தாங்கக்கூடிய உச்ச வேகம் அது. அட்டைனபிள் 14 மெகாபிட், நடப்பு வேகம் 4 மெகாபிட், மார்ஜின் 15க்கு மேல் என்று மூன்றும் ஒன்றாகக் காட்டினால் கம்பியில் குறையில்லை. நிறுவனத்தில் உங்கள் லைனுக்குக் குறைந்த வேக புரொஃபைல் போட்டிருக்கிறார்கள். லைன்மேன் வந்தும் பயனில்லாத இடம் இது. புரொஃபைலை மாற்றச் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டும். நடப்பு வேகத்துக்கும் வேகச் சோதனை எண்ணுக்கும் இடையே பத்துப் பதினைந்து சதவீத வேறுபாடு இருந்தால் அது கோளாறல்ல. ஏடிஎஸ்எல்லில் தரவு 53 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் போகிறது. அதில் 5 பைட் முகவரிக்கே போய்விடும்.

ஐந்தாம் படி: குற்றம் வீட்டுக்குள்ளா, தெருவிலா?

வீட்டில் உள்ள எல்லாத் தொலைபேசிக் கருவிகளையும், பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரையும், நீட்டிப்புக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, வெளிக்கம்பி முதலில் வந்து சேரும் ரோசெட் பெட்டியில் நேரடியாக மோடத்தை மட்டும் இணையுங்கள். மார்ஜின் கூடி, பிழைகள் நின்றால் குற்றம் உங்கள் சுவருக்குள் ஓடும் கம்பியில் அல்லது ஸ்பிளிட்டரில் இருக்கிறது. பழைய வீடுகளில் ஹாலிலிருந்து மாடிக்கு இழுத்த இணைக் கம்பி, மறுமுனையில் ஒன்றும் இல்லாமல் சுவரோரம் சுருண்டு கிடப்பதுண்டு. பயன்படாத கம்பிதானே என்று விட்டுவிடக் கூடாது. அதில் புகுந்து திரும்பும் சமிக்ஞை, சில துண்டுகளை அடியோடு அழித்துவிடும்.

தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்தால் ஸ்பிளிட்டர் பழுது, அல்லது ஏதோ ஒரு கருவி ஸ்பிளிட்டர் இல்லாமல் நேரடியாக மாட்டப்பட்டிருக்கிறது. மணிக்காக வரும் ஏறத்தாழ 75 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் மோடத்தைத் திணறடிக்கிறது. அந்த நேரத்தில் வெறும் கையால் கம்பி முனையைத் தொட வேண்டாம். இடி மின்னல் வேளையில் இந்த வேலையே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான அறிகுறி ஒன்று உண்டு: ரிசீவரை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும் வரை இணையம் நன்றாக ஓடி, வைத்ததும் தடுமாறும். வழியில் ஏதோ ஒரு முறுக்கு இணைப்பு களிம்பேறி இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. பேசும்போது பாயும் மின்னோட்டம் அந்தக் களிம்பைத் தற்காலிகமாக ஊடுருவி இணைப்பைச் சேர்த்து வைக்கிறது. டயல் டோனே இல்லாமல் இணையம் மட்டும் மிக மந்தமாக ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு கம்பிகளில் ஒன்று முற்றிலும் அறுந்திருக்கக்கூடும். அப்போது குறைந்த அலைவெண்ணில் இயங்கும் அப்லோடுதான் பெரிதும் அடிவாங்கும். ஓர் எண்ணை மட்டும் டயல் செய்துவிட்டு, டோன் நின்ற அமைதியில் காது கொடுத்துக் கேளுங்கள்: கரகரப்போ மற்றவர் பேச்சோ கேட்டால் குற்றம் வெளிக்கம்பியில்தான். மழை பெய்த மறுநாள் மட்டும் இது கேட்டால், தெருவில் கம்பிகளைப் பிரித்துவிடும் டிபி பெட்டியிலோ பில்லரிலோ நீர் இறங்கியிருக்கிறது.

வீட்டுக்குள் இருந்தே கிளம்பும் இரைச்சலும் உண்டு. மலிவான எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவாகவும் இருக்கலாம். மார்ஜின் எண் திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால், மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்து வீட்டைச் சுற்றி நடந்தால், குற்றவாளியின் அருகில் அதன் சீறல் கூடும்.

ஆறாம் படி: ஃபைபர் இணைப்பின் எண்கள்

ஃபைபரில் வானொலி, மழை, மோட்டார் எதுவும் இரைச்சல் ஏற்றுவதில்லை. ஆகவே பார்க்க வேண்டியவையும் குறைவு. முதன்மையானது ஆர்எக்ஸ் பவர் என்ற ஒரே எண். வீட்டில் இருக்கும் ஓஎன்டி கருவிக்கு, அதாவது ஃபைபர் மோடத்துக்கு, எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதை அது டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிடும் டெசிபெல்) அலகில் சொல்கிறது. எண் மைனஸில் இருக்கும் என்பதால் −27 என்பது −20ஐ விட மோசம். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும், பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையின் பி பிளஸ் வகையில், கருவிக்கு −27 வரை படிக்கத் தெரியும். −8க்கு மேல் போனால் ஒளி அளவு மீறி விழி கூசிவிடும். நடைமுறையில் −15க்கும் −24க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. −25ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடினாலும் புகார் கொடுத்துவிடலாம்.

உங்கள் எண் நியாயமானதுதானா என்று நீங்களே கணக்குப் போடலாம். நிறுவனத்தின் முனையிலிருந்து +3 டிபிஎம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் சுமார் 17.5 டெசிபெல் போகும். 6 கிலோமீட்டர் இழையில் ஏறத்தாழ 2 டெசிபெல். கனெக்டர்களிலும் ஒட்டுகளிலும் ஒன்றரை. மொத்தம் 21ஐக் கழித்தால் −18. இதே இடத்தில் −25 என்று காட்டினால், கணக்கில் வராத 7 டெசிபெல், அதாவது வர வேண்டிய ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு, வழியில் எங்கோ தொலைகிறது.

தொலையும் இடம் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் நசுங்கிய இழை, மூலையில் கூர்மையாக மடக்கி ஆணியடித்த இழை, தூசு படிந்த கனெக்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மடிப்பை நீக்கி, விரற்கடை அல்ல, உள்ளங்கை அகலமாவது வளைவு இருக்கும்படி விட்டுவிட்டு எண்ணை மறுபடி படியுங்கள். பச்சை நிறக் கனெக்டரின் முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல நிறத்தினுடையது நேரானது. இரண்டையும் ஒன்றோடொன்று செருகியிருந்தால் ஒளி வீணாகும், முனையும் சேதமாகும். கனெக்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது: வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கும். சட்டை நுனியால் துடைப்பதும் வேண்டாம். தொழில்நுட்பப் பணியாளரிடம் அதற்கென்றே துடைப்பான் இருக்கும்.

எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் இணைப்பு இருந்தால் விசாரியுங்கள். அங்கேயும் சிவப்பு என்றால் ஸ்பிளிட்டருக்கு முன்னால் பிரதான இழை அறுந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் என்றால் கம்பத்திலிருந்து வரும் உங்கள் இழை. மொட்டை மாடிகள் வழியாக இழுத்த இழையை அணில் கடிப்பதும் உண்டு. எல்ஓஎஸ் அணைந்திருக்க, பான் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் கருவி நிறுவனத்தில் பதிவாகவில்லை. நிலை என்ற இடத்தில் ஓ5 என்று காட்டினால்தான் பதிவு முழுமையாக முடிந்ததாகப் பொருள்.

ஆர்எக்ஸ் பவர் −18, நிலை ஓ5, கேபிளில் இணைத்தும் மாலை நேரத்தில் மட்டும் மந்தம் என்றால் லைனைச் சந்தேகிக்க இடமில்லை. ஒரு முகவரிக்குத் தரவு போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை முதலில் ரவுட்டரின் முகவரிக்கும், பிறகு ரவுட்டருக்கு அடுத்துள்ள நிறுவனக் கருவியான முதல் கேட்வேக்கும், கடைசியாக வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8க்கும் ஓடவிடுங்கள். ரவுட்டருக்குத் தாமதம் ஒரு மில்லி விநாடியைச் சுற்றி இருந்து, கேட்வேயில் தாவினால் நெரிசல் உங்கள் பகுதியின் கருவியில். கேட்வே வரை சீராக இருந்து அதற்கப்பால் தாவினால் நிறுவனத்தின் வெளித் தொடர்பில்.

ஏழாம் படி: எண்களோடு புகார்

“நெட் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது” என்ற புகாருக்கு ரீஸ்டார்ட் அறிவுரைதான் பதிலாக வரும். “ஆர்எக்ஸ் பவர் சென்ற மாதம் −19.2, நேற்று முதல் −26.4, கனெக்டரையும் வளைவுகளையும் பார்த்துவிட்டேன், படங்கள் இணைத்திருக்கிறேன்” என்று எழுதினால், அதே புகார் நேரடியாகக் களப் பணியாளரிடம் போகும். செம்புக் கம்பியானால் பகல் மார்ஜின், இரவு மார்ஜின், மணிக்கு எத்தனை சிஆர்சி, ரோசெட்டில் நேரடியாக இணைத்துச் சோதித்ததன் விளைவு ஆகிய நான்கும் போதும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறித்த நாளில் தீராவிட்டால், இந்தியாவில் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்புக்கு எழுத அந்த எண் தேவைப்படும்.

பணியாளர் வந்தால், அவர் பவர் மீட்டரில் படிக்கும் எண்ணையும் உங்கள் ஓஎன்டி காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு டெசிபெல் வேறுபாடு சகஜம், அதற்கு மேல் என்றால் கருவியையே மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து புதிய எண்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். செம்புக் கம்பியில் ஒட்டுப் போட்டிருந்தால் பகலில் வரும் எண்ணை மட்டும் நம்பிப் புகாரை முடித்துவிட வேண்டாம். இரவு பத்து மணிக்கு ஒருமுறை மார்ஜினைப் பார்த்துவிட்டு, மறுநாள் முடித்துக்கொள்ளலாம்.